கோரங்கல் பள்ளத்தாக்கின் களமருத்துவர்

20 ஜூலை 2024, சனி

ஆப்கானிஸ்தானுக்குப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, இத்தாலியில் ஓடும் ரயிலில் தோழர்கள் கைக்கேமராவில் எடுத்த காட்சியை இன்று மறுபடி பார்த்தேன். ஹுவான் செபாஸ்டியன் ரெஸ்ட்ரெப்போ கேமராவை நோக்கிக் கேலி பேசுகிறார், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கொலம்பியாவில் பிறந்து, புளோரிடாவிலிருந்து அமெரிக்க ராணுவத்துக்கு வந்த அவர், இத்தாலியின் விசென்சா நகரைத் தளமாகக் கொண்ட 173ஆவது வான்வழிப் படையணியில் களமருத்துவ வீரர். ஃபிளமெங்கோ கிட்டார் வாசிப்பதற்காக நகம் வளர்த்திருந்தார் என்று தோழர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பாராசூட்டில் குதிக்கவும், குண்டடி பட்டவரின் ரத்தத்தை அடக்கவும் பழகிய கைகளில் நீண்ட நகங்கள் இருந்தன என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

22 ஜூலை 2024, திங்கள்

2007ஆம் ஆண்டு இதே நாளில்தான் அவர் இறந்தார், வயது 20. குனார் மாகாணத்தின் கோரங்கல் பள்ளத்தாக்குக்கு அவருடைய கம்பெனி, அதாவது படையணியின் ஒரு சிறு பிரிவு, வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. குண்டு கழுத்தில் பாய்ந்தது. கையிலோ காலிலோ பட்டிருந்தால் டூர்னிகே பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தியிருக்கலாம். கழுத்துக் காயத்துக்கு அந்த வழியில்லை, நேராக அழுத்திப் பிடித்தபடி ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர் இப்போது தாமே காயம்பட்டுக் கிடந்தார். ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. களமருத்துவரை அமெரிக்க வீரர்கள் 'டாக்' என்றே கூப்பிடுவார்கள். அவர் விழுந்துவிட்டால், நாளை தனக்கு அடிபட்டால் யார் ஓடி வருவார் என்ற பயம் ஒவ்வொருவருக்கும் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

25 ஜூலை 2024, வியாழன்

அவருடைய பெயரை இட்ட காவலரணைப் பற்றி இன்று முழுவதும் படித்தேன். கோரங்கலில் இருந்த முதன்மைத் தளத்தின் மீது எதிரிகள் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்த ஒரு மலைமுகட்டை, இரவோடு இரவாக ஏறிப் போய் அந்தக் கம்பெனியின் வீரர்கள் பிடித்தார்கள். பாறைமண்ணைக் கடப்பாரையாலும் குத்துக்கோடரியாலும் பெயர்த்து, மணல்மூட்டைகளை நிரப்பி, கம்பிவலையும் துணியும் கொண்ட ஹெஸ்கோ பெட்டிகளில் மண்ணைக் கொட்டி, தலையை மறைக்கும் அளவுக்குச் சுவர் எழுப்பினார்கள். துப்பாக்கிச் சூடு தொடங்கினால் கருவிகளைப் போட்டுவிட்டுத் திருப்பிச் சுடுவார்கள். ஓய்ந்ததும் மறுபடி தோண்டுவார்கள். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் அங்கே இல்லை. காயங்களைக் கட்ட வந்த ஒருவரின் பெயர், சுடுவதற்கென்றே கட்டிய ஓர் அரணுக்கு வந்து சேர்ந்தது எனக்கு முதலில் உறுத்தலாக இருந்தது. ஆனால் அதற்குப் பெயர் வைத்தவர்கள் மண் சுமந்த அதே வீரர்கள் என்பதால், வெளியில் இருக்கும் நான் அதைக் குறை சொல்லும் இடத்தில் இல்லை.

28 ஜூலை 2024, ஞாயிறு

2010 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் கோரங்கலைவிட்டு முற்றாக வெளியேறின. நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அங்கே உயிரிழந்திருந்தார்கள். பள்ளத்தாக்கின் மக்கள் எத்தனை பேரை இழந்தார்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்வதில்லை. அதே ஆண்டு டிம் ஹெதரிங்டனும் செபாஸ்டியன் யங்கரும் எடுத்த ஆவணப்படம் 'ரெஸ்ட்ரெப்போ' என்ற பெயரிலேயே வெளிவந்ததால், அரண் கைவிடப்பட்ட பிறகும் அந்தப் பெயர் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. ரெஸ்ட்ரெப்போ இறந்து மூன்று மாதங்களில், 2007 அக்டோபர் 25 அன்று, அதே கம்பெனியின் இன்னொரு களமருத்துவர் ஹியூகோ மெண்டோசா பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்கு இரையானார். அன்று காட்டிய வீரத்துக்காக அதே கம்பெனியின் வீரர் சால்வடோர் ஜுண்டா பெற்ற உயரிய பதக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கிறது. மெண்டோசாவைப் பற்றி எனக்குக் கிடைத்தவை சில பத்திகளே. அவற்றை நாளை எடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.