பழைய கோஆக்ஸ் நெட்வொர்க் மாட்டுறவங்களுக்கு
பழைய 486, பென்டியம் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க கவனத்துக்கு, 10பேஸ்2 கோஆக்ஸ்ல (டிவி கேபிள் மாதிரி இருக்குற பழைய நெட்வொர்க் கேபிள்) மிஷினுங்கள இணைக்கணும்னா வீட்டு டிவி கேபிள மாட்டாதீங்க, அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம் ஆர்ஜி-58. ரெண்டு முனையிலயும் டெர்மினேட்டர் (50 ஓம் ரெசிஸ்டர் வச்ச மூடி) இருக்கணும், ஒண்ணு கழண்டாலும் சிக்னல் திரும்பி வந்து மொத்த லைனும் படுத்துடும். செக் பண்றது ஈஸி, எல்லா மிஷினையும் ஆஃப் பண்ணிட்டு டி கனெக்டர்ல (கேபிள மிஷினோட சேக்குற T வடிவ கனெக்டர்) மல்டிமீட்டர் வைங்க, 25 ஓம் பக்கத்துல காட்டினா சரி, 50 காட்டினா ஒரு பக்கம் போச்சுன்னு அர்த்தம்.

நேத்து மஞ்சக்குப்பத்துலேருந்து ஒரு தம்பி நெட்வொர்க் கார்டோட பாண்டிக்கு வந்துட்டாரு, "அண்ணே, கார்டு செத்துடுச்சுண்ணே"ன்னு. சாகவெல்லாம் இல்ல, கடக்காத்து பட்டு கார்டோட பல்லு பூரா பச்சை பூத்து கெடந்துச்சு, பென்சில் ரப்பர் போட்டு மெதுவா தேச்சதும் மஞ்சளா பளிச்சுனு வந்துருச்சு. அப்புறம் ஐஆர்க்யூ (கார்டு ப்ராசசர கூப்பிடுற லைன் நம்பர்) 3ல இருந்தத 10க்கு மாத்துனோம், 3 காம்2ங்கிற சீரியல் போர்ட்டோட முட்டும். டாஸ்ல பாக்கெட் டிரைவர் (கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர்) ஏத்திட்டு எம்டிசிபிங்கிற டாஸ் நெட்வொர்க் சாஃப்ட்வேர் போட்டா, ஃபைல் அனுப்பி வாங்குற எஃப்டிபி சர்வரே ஓடுது, ஃப்ளாப்பி தொல்லை விட்டுது (டிரைவர முதல் தடவ உள்ள தள்ள மட்டும் ஃப்ளாப்பி வேணும், அத ஒண்ணும் பண்ண முடியாது).

இப்ப இருக்குற ரௌட்டரோட சேக்கணும்னா பிஎன்சி (கோஆக்ஸ் மாட்டுற சாக்கெட்), ஆர்ஜே45 (இப்ப இருக்குற லேன் கேபிள் மாட்டுற சாக்கெட்) ரெண்டும் இருக்குற பழைய ஹப் வேணும். யாராச்சும் வீட்டுப் பரண்ல வச்சிருந்தா காயலான் கடைக்குப் போடாம எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, கடலூரா இருந்தாலும் நானே வந்து எடுத்துக்குறேன்.