விளையாட்டு விழாவை ஜூலைக்குக் கொண்டு வாருங்கள்

நம் ஊர் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு விளையாட்டு விழா ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் நடக்கிறது. அதற்குள் குறுவட்டப் போட்டி (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) முடிந்து, வருவாய் மாவட்டப் போட்டி முடிந்து, மாநிலப் போட்டியும் முடிந்திருக்கும். எட்டாம் வகுப்பு சி பிரிவில் ஒரு பிள்ளை புயலாய் ஓடுகிறாள் என்பது பிப்ரவரியில் தெரிந்து என்ன பயன்? குறுவட்டத்துக்கு ஏற்கனவே தெரிந்த நாலு முகங்களையே அனுப்பியிருப்போம். அடுத்த ஆண்டு அவள் வயதுப் பிரிவே மாறிவிடலாம். பள்ளி விளையாட்டு விழா என்பது பரிசளிப்பு நிகழ்ச்சி அல்ல, தேர்வுப் போட்டி. அதை ஜூலை முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆண்டின் மற்ற வேலைகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்.

ஜூன் மாதம் முழுக்கப் பெயர்ப்பட்டியல் வேலை. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று வயதுப் பிரிவு. வகுப்பை வைத்துப் பிரிக்காதீர்கள், பிறந்த தேதியை வைத்துப் பிரியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் 14 வயதுப் பிரிவுக்குத் தகுதியான பிள்ளையும் இருக்கும், தாண்டிய பிள்ளையும் இருக்கும். வயதைக் கணக்கிடும் தேதி அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் வரும். அதைப் படித்த பிறகே பட்டியலை இறுதி செய்ய வேண்டும். எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, இந்த நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தாலே போட்டி மேசையில் தகராறு வரும். குறுவட்டத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட பிழை மாநில அளவில் பிடிபட்டு, முதல் இடம் வந்த பிள்ளை அழுதுகொண்டு திரும்புவதுதான் இந்தத் துறையில் மிகக் கொடுமையான காட்சி. ஆதாரில் திருத்தம் செய்ய நாளாகும். ஆகவே ஜூனிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மைதானம். 400 மீட்டர் தடம் போட இடமுள்ள பள்ளிகள் குறைவு. 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள இடம் இருந்தால் ஆறு தடங்களோடு 200 மீட்டர் தடம் போடலாம். கணக்கு இதுதான்: நேர்பகுதி 40 மீட்டர், உள்வளைவின் ஆரம் 18.90 மீட்டர். மைதானத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு பிடித்து, 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் ஸ்டீல் டேப்பை 18.90 மீட்டருக்கு இழுத்து அரைவட்டம் போடுங்கள். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்பதால் அடுத்தடுத்த ஆரங்கள் 20.12, 21.34, 22.56, 23.78, 25.00, வெளிக்கோடு 26.22. முளை இருக்கும் இடத்தில் நடுக்கோட்டுக்குச் செங்குத்து சரியாக வருகிறதா என்பதை 6, 8, 10 மீட்டர் முக்கோணம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்பகுதியின் இரு முனையிலும் உள்கோடுகளுக்கு இடையே 37.80 மீட்டர் வர வேண்டும். ஒரு முனையில் 37.80, மறுமுனையில் 37.50 என்று வந்தால் எங்கோ முளை நகர்ந்திருக்கிறது.

18.90 என்ற எண்ணில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விளிம்புக்கட்டை (உள்கோட்டில் உயர்த்திப் பதிக்கும் கட்டை) இல்லாத தடத்தில் ஓடுபவரின் தூரத்தை உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். அதாவது ஓடும் கோட்டின் ஆரம் 19.10. இதைக் கவனிக்காமல் உள்கோட்டையே 200 மீட்டர் வரும்படி போட்டுவிட்டால், பிள்ளை ஒரு சுற்றுக்கு 1.26 மீட்டர் கூடுதலாக ஓடும். பிறகு அந்த நேரத்தை வேறு மைதானத்து நேரத்தோடு ஒப்பிட முடியாது.

வெளித்தடத்தில் ஓடுபவருக்குத் தூரம் கூடாமலிருக்க அவருடைய தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளி வைப்பதுதான் முன்தள்ளல். ஒரு முழுச் சுற்றுக்கு அது தடத்துக்கு 7.67 மீட்டர் வீதம்: இரண்டாம் தடம் 7.67, மூன்றாவது 15.33, நான்காவது 23.00, ஐந்தாவது 30.66, ஆறாவது 38.33. இதையும் அந்தந்தத் தடத்தின் 20 செ.மீ. கோட்டின் மீதே வளைத்து அளக்க வேண்டும். டேப்பை வளைவில் நேராக இழுத்து 38.33 என்று குறித்தால், ஆறாம் தடத்துப் பிள்ளைக்கு 5 மீட்டருக்கு மேல் சும்மா கொடுத்துவிடுகிறோம். ‘ஆறாவது லைன்ல ஓடுறவன்தான் எப்பவும் ஜெயிக்கிறான்’ என்று பிள்ளைகள் பேசிக்கொண்டால் முதலில் இந்த அளவைப் பாருங்கள். நைலான் கயிறு வெயிலிலும் இழுப்பிலும் நீளும், அதை அளவுக்கு நம்பாதீர்கள். கோடு போட நீற்றிய சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்த்த முகத்தில் பட்டால் கண் வெந்துவிடும். கோலப்பொடிக்கு வாங்கும் கல்மாவு போதும்.

குண்டு எறிதலுக்கு வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். எறிபகுதியின் கோணம் 34.92 பாகை என்று விதிநூலில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வட்ட மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோட்டுக்கும் இடையே 12 மீட்டர் வரும்படி இழுத்தால் அந்தக் கோணம் தானாக வந்துவிடும். நீளம் தாண்டும் மணல்குழி குறைந்தது 2.75 மீட்டர் அகலம் வேண்டும். முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து மண்வெட்டியால் கொத்திவிடுங்கள். காய்ந்த மணலில் காலடி சரிந்து, விழுந்த இடம் தெரியாமல் போகும். உயரம் தாண்டுதலில் மட்டும் ஒரு கண்டிப்பு: தரமான ஃபோம் மெத்தை இல்லாத பள்ளியில் முதுகால் தாண்டும் முறையை யாரும் சொல்லித்தரக் கூடாது. மணலில் கழுத்து மடங்கினால் அதற்கு மருந்தில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கித் தாண்டும் கத்தரிக்கோல் முறையே போதும்.

இனி விழா. ஒரே நாளில் எல்லாப் போட்டியையும் வைத்தால் வெயிலில் பாதிப் பிள்ளைகள் பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கும், ஓடுவது இருபது பேராக இருக்கும். தகுதிச் சுற்றுகளை இரண்டு வாரம் விளையாட்டுப் பாடவேளைகளிலேயே முடித்துவிடலாம். ஆறு தடம், அறுபது பிள்ளைகள் என்றால் பத்து ஓட்டம். ஓட்டத்துக்கு 4 நிமிடம் வைத்தாலும் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் வந்தவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, எல்லோருடைய நேரத்தையும் எழுதி அதில் சிறந்த ஆறு பேரை எடுங்கள். வேகமான மூன்று பேர் ஒரே ஓட்டத்தில் மாட்டிக்கொள்வது சாதாரணம். 100 மீட்டருக்கு இந்தத் தடத்தில் நேர்பகுதி போதாது. மைதானத்தின் மூலைக்கு மூலை கோடு பிடித்தால் 116 மீட்டர் கிடைக்கும். முடிவுக்கோட்டுக்கு அப்பால் 13 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அங்கே சுவரோ கம்பமோ இருந்தால் 80 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் முடிவுக்கோட்டில் நின்று, தொடக்கத் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. 100 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்குச் சத்தம் வர ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். துப்பாக்கி இல்லாவிட்டால் தட்டிச் சத்தம் எழுப்பும் கைக்கட்டையோடு வெள்ளைக் கொடியும் அசையட்டும். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் நேரத்தை வினாடியின் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி எழுதுவதே முறை: 13.22 என்றால் 13.3. மாவட்ட மைதானத்தில் மின்னணுக் கருவி வைத்தால் அதே பிள்ளைக்கு 0.2 வினாடிக்கு மேல் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை என்று முன்பே சொல்லி வையுங்கள்.

குறுவட்டத்தில் சிறிய பள்ளியும் பெரிய பள்ளியைப் பிடிக்கக்கூடிய இடம் தொடர் ஓட்டம்தான். நாலு பேரும் நடுத்தர வேகமாக இருந்தாலும் கோல் (பேட்டன்) மாற்றம் சுத்தமாக இருந்தால் போதும். 4×100 மீட்டரில் மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். முன்பு 20 மீட்டரும், வேகம் பிடிக்கத் தனியாக 10 மீட்டரும் இருந்ததை ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய வழக்கத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் ஆளும் மூன்றாம் ஆளும் வளைவில் ஓடுவதால் வலக்கையிலும், இரண்டாம், நான்காம் ஆள் இடக்கையிலும் கோலைப் பிடிக்கட்டும். அப்போது உள்ளோரத்தை ஒட்டியே ஓடலாம், கையும் மாற்ற வேண்டாம். காத்திருப்பவர், பகுதி தொடங்கும் கோட்டிலிருந்து பின்னோக்கி 18 காலடி அளந்து ஓர் அடையாளம் வைப்பார். வருபவர் அதை மிதித்த நொடியில் இவர் திரும்பிப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். வருபவர் வந்து முட்டினால் அடையாளத்தை இரண்டு காலடி பின்னுக்குத் தள்ளுங்கள், எட்டிப் பிடிக்க முடியாமல் போனால் இரண்டு காலடி முன்னுக்குக் கொண்டு வாருங்கள். இதை ஜாகிங்கில் பழகிப் பயனில்லை, முழு வேகத்தில்தான் அளவு தெரியும். ஒரு நாளைக்கு நாலைந்து முழுவேக மாற்றம் போதும், அதற்கு மேல் போனால் களைப்பில் அளவு தப்பும். பகுதிக்குள் இருக்க வேண்டியது கோல், ஆளின் கால் அல்ல. கீழே விழுந்தால் போட்டவரே எடுக்க வேண்டும். ‘போச்சு’ என்று நிற்காமல் எடுத்துக்கொண்டு ஓடப் பழக்குங்கள். பக்கத்து அணியும் போடலாம்.

கபடியில் பிள்ளைகளுக்கு டிவி பார்த்தே பாதி விதி தெரியும், மீதிப் பாதியில்தான் புள்ளி போகிறது. தொடுதல் நடப்பதற்கு முன் ஓரப்பகுதியில் (லாபி) கால் வைத்தால் ஆட்டமிழப்பு. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ். பாடிவரும் மூச்சு நடுவருக்குக் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் தினமும் ஆட்டத்தின் நடுவே நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு (பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய கோடு) 3 மீட்டர். ஆண்கள் களத்திலேயே பழகிவிட்டுப் போனால் அங்கே கால் அளவு மொத்தமும் தப்பும். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளிப்பதை ஆட்டக்காரர்களே செய்யட்டும், முழங்கால் அவர்களுடையது.

பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மைதானத்துக்கு வராமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணமே அல்ல. உடை மாற்ற இடமில்லை, கழிப்பறையில் தண்ணீரில்லை, பயிற்சி முடிந்தால் இருட்டிவிடுகிறது, கடைசிப் பஸ் போய்விடுகிறது. பயிற்சியைக் காலை 6.30 முதல் 8 மணி வரை என்று மாற்றி, ஓர் ஆசிரியையைப் பொறுப்பில் வைத்து, போட்டிக்கும் அவரே உடன் வருவார் என்று வீட்டில் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் மறுப்பதில்லை. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வருவார்கள். முந்தின இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, ஒரு வாழைப்பழம், பயிற்சி முடிந்ததும் கொடுத்தாக வேண்டும். அதற்கான பணத்தைக் கோப்பைகளுக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து எடுங்கள். கோப்பை சிறியதாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மாவட்டப் போட்டி சிந்தெடிக் தடத்தில் நடக்கும் என்றால் ஒரு வாரம் முன்பாவது அங்கே அழைத்துப் போய் ஓடவிடுங்கள். ஸ்பைக் ஷூவின் ஆணி 9 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. புது ஷூவைப் போட்டியன்று முதல்முதலாக மாட்டினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அதுவரை வெறுங்காலில் ஓடிய பிள்ளை வெறுங்காலிலேயே ஓடட்டும்.

அக்டோபரில் மழை தொடங்கியபின் மைதானம் சேறாகிவிடும். வராந்தாவில் உடல்வலுப் பயிற்சி, கயிறு தாண்டுதல் என்று தொடரலாம். ஜனவரிக்குப் பிறகு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அந்த மூன்று மாதம் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு உரியது. எல்லோரையும் எல்லாம் தொடவிடுங்கள்: பந்து எறியட்டும், தாண்டட்டும், கோகோ ஆடட்டும். ஒவ்வொருவருக்கும் 50 மீட்டர் நேரமும், நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரமும் ஒரு நோட்டில் தேதியோடு ஏறட்டும். ஆறு மாதத்தில் யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைப் பதக்கத்தைவிட அந்த நோட்டு நன்றாகக் காட்டும்.

கோடை தொடங்கும்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்பைக் கவனியுங்கள். வழக்கமாக 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்பவர்களுக்கான தேர்வு அது. மாவட்ட அளவில் இடம் வந்த சான்றிதழ்களைச் சுருட்டி வைக்காமல் நகலெடுத்து பள்ளிக் கோப்பில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வைத்தால், விண்ணப்பிக்கும் நாளில் அலைய வேண்டியிராது. அந்தப் பிள்ளைக்கு எங்கே தேர்வு, எத்தனை மணிக்கு, என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று பெற்றோரின் போனுக்கு எழுதி அனுப்பிவிட்டு, விடுமுறையாக இருந்தாலும் அன்று காலை ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள்.