கிளவுஸைக் கழற்றாமல் எஃப்3

ஒரகடம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கணினி வேலை எனக்கு. உள் அறையில் மைனஸ் 20 டிகிரி. சரக்குக் கணக்கு முழுக்க ஐபிஎம் மெஷினில், 5250 டெர்மினல் எமுலேட்டர் (பழைய ஐபிஎம் திரையைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வழியாக, பச்சை எழுத்துத் திரையில் ஓடுகிறது. பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) எண்ணையும் ரேக் எண்ணையும் ஸ்கேனர் படித்துவிடும். ஆனால் திரையை விட்டு வெளியே வர எஃப்3, ஒரு படி பின்னால் போக எஃப்12, புதுப்பிக்க எஃப்5. இந்த மூன்றுக்கும் தடித்த கிளவுஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் குளிரில் வெறும் விரலோடு கீபோர்டில் சாவியைத் தேடுவது சின்ன விஷயமில்லை. இரண்டு நிமிடத்தில் நுனி மரத்துவிடும்.

"தம்பி, பேலட்டை ஸ்கேன் அடிக்கிற மாதிரி இந்த எஃப்3-ஐயும் ஒரு லேபிளா அடிச்சுக் குடுத்துடேன்" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர். கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். அதைச் செய்ய முடியும் என்பதும், பலர் முயன்று ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதும்தான் இந்தப் பதிவு.

யூஎஸ்பி ஸ்கேனரைச் செருகினால் கணினி அதை இன்னொரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. படித்த எழுத்துகளைக் கடகடவென்று தட்டச்சு செய்துவிட்டு, பெரும்பாலும் கடைசியில் ஒரு என்டரும் போடும். ஆக, ஒரு கட்டளையையே பார்கோடாக அச்சிட்டால் அதையும் தட்டிவிடும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பார்கோடுக்குள் எழுத்துகளை மட்டும்தான் வைக்க முடியும். எஃப்3 எழுத்தே கிடையாது, அது ஒரு சாவி. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் உள்ள 128 இடங்களில் எதிலும் அது இல்லை.

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு இது தலைவலியே இல்லை. 1978-இல் வந்த விடி100 டெர்மினலில் எஃப்3 மாதிரியான பிஎஃப்3 சாவியை அழுத்தினால் எஸ்கேப், பெரிய ஓ, பெரிய ஆர் என்று மூன்று எழுத்துகள்தான் போகும். அதைப் பின்பற்றும் எமுலேட்டர்கள் இன்றும் அதையே அனுப்புகின்றன. கோட் 128 என்ற பார்கோடு வகையின் ஏ தொகுதியில் எஸ்கேப், டேப் மாதிரியான கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கும் இடம் உண்டு. ஒவ்வொரு குறிக்கும் அதில் ஓர் எண் உண்டு. கையாலேயே போட்டுப் பார்க்கலாம்: தொடக்கக் குறி 103, எஸ்கேப் 91, ஓ 47, ஆர் 50. ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கித் தொடக்கக் குறியோடு கூட்டினால் 103 + 91 + 94 + 150 = 438. அதை 103-ஆல் வகுத்தால் மீதி 26. அதுதான் சரிபார்ப்புக் குறி. பிறகு முடிவுக் குறி. மொத்தம் 68 அலகு அகலம் (அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம்). ஓர் அலகு 0.33 மி.மீ. என்று வைத்தால், இரு புறமும் பத்துப் பத்து அலகு வெள்ளை விட்டும் 3 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஒரு சாவி அவ்வளவு சின்ன லேபிளில் வந்து உட்காருவதைப் பார்க்க எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் 5250-இல் இந்த லேபிள் செல்லாது. அங்கே எஃப்3 அழுத்தியதும் எமுலேட்டர், கர்சர் நிற்கும் இடத்தோடு சேர்த்து, பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 33 என்ற ஒரு பைட்டை மெஷினுக்கு அனுப்புகிறது. எழுத்து என்று எதுவும் போவதில்லை. எஸ்கேப், ஓ, ஆர் என்று ஸ்கேனர் தட்டினால், ஓவும் ஆரும் பேலட் எண் கட்டத்துக்குள் போய் விழும்.

அதனால் மாற்றத்தை ஸ்கேனருக்குள்ளேயே செய்ய வேண்டும். நல்ல ஸ்கேனர்களில் விதி எழுதும் வசதி இருக்கிறது. ஜீப்ராவில் அதற்கு ஏடிஎஃப் என்று பெயர். "கோட் 128-ஆக இருந்து, இரண்டு டாலர் குறியோடு தொடங்கி, பின்னால் 03 இருந்தால், எதையும் தட்டாதே, எஃப்3 சாவியை மட்டும் அழுத்து" என்று சொல்லிவைக்கலாம். நம் சரக்கு லேபிள் எதிலும் வராத முன்னொட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்கேனர் அனுப்புவது சாவியின் இருப்பிட எண்ணைத்தான். அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினி. பில்லிங் கணினியில் யாராவது தமிழ்99 கீபோர்டைத் தேர்ந்தெடுத்து விட்டுப் போனால், சிறிய ஹெச் வரும் இடத்தில் 'க' விழும், ஜே வரும் இடத்தில் 'ப' விழும். எஃப்3 எந்த மொழித் தேர்விலும் எஃப்3-தான்.

விதியில் என்டர் சேராமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். பேலட் எண்ணுக்குப் பின்னால் என்டர் வேண்டும்; எஃப்3-க்குப் பின்னால் வந்தால் ஆபத்து. முதல் திரை மூடுவதற்குள் அந்த என்டர் வரிசையில் காத்திருந்து அடுத்த திரையில் போய் விழும். அங்கே உறுதி செய்யும் கேள்வி இருந்தால், யாரும் படிக்காமலே ஆம் என்று ஆகிவிடும்.

இதே காரணத்துக்காக அழித்தல், இருப்புத் திருத்தம், உறுதி செய்தல் எதையும் இந்தக் கட்டளை பார்கோடுகளை அச்சிட்டு ஒட்டும் அட்டையில் போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மேனேஜர்கள் கேட்பார்கள், வேகம் கூடும் என்பார்கள். சரக்கு யார் கணக்கில் குறைகிறதோ, அவர் கண்ணால் பார்த்து விரலால் அழுத்தட்டும். வெளியே, பின்னால், புதுப்பி: தெரியாமல் ஸ்கேன் ஆனாலும் கணக்கைத் தொடாத கட்டளைகள் இவைதான்.

கட்டுப்பாட்டு எழுத்துகளை ஸ்கேனர் அப்படியே அனுப்பும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். 2015-இல் டோக்கியோவில் நடந்த பேக்செக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், சீன நிறுவனமான டென்சென்ட்டின் ஷுவான்வு ஆய்வகத்தினர், தாளில் அச்சிட்ட பார்கோடுகளை மட்டும் வைத்துக் கணினியில் கட்டளை இயக்கிக் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் பெட்டியில் யார் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

அட்டையை அச்சிடும்போது பார்கோடுகளை நெருக்காதீர்கள். நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் ஸ்கேனர் பக்கத்துப் பார்கோடைப் படித்துவிடும். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், மேட் போதும். பசை ஃப்ரீஸருக்கென்று விற்கும் ரகமாக இருக்கட்டும், அதையும் வெளியே வைத்து ஒட்டிவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுபோங்கள். எங்கள் அட்டையில் ஒவ்வொரு பார்கோடுக்கு மேலும் தமிழிலும் ஹிந்தியிலும் பெரிதாக எழுதியிருக்கிறோம், ஏனென்றால் இரவு ஷிஃப்டில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். ஃபோர்க்லிஃப்ட் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், ஸ்கேனர் மாட்டும் கொக்கிக்கு நேர் கீழே ஒட்டினோம். இடத்தைச் சொன்னது அந்த அண்ணன்தான்.