சிவப்புச் சட்டையும் காது மடலும்

மார்ச் 4, செவ்வாய்

சிறுவன் ஒருவன் ஜன்னலோரம் அமர்ந்து படிக்கும் காட்சி. படம் முழுவதும் அடங்கிய நிறங்களில் நகர, அவன் சட்டையின் சிவப்பு மட்டும் கண்ணைப் பறிக்கிறது. அதை அடக்க, நிறம் திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில், ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கும் குவாலிஃபயரைத் திறந்து சட்டையைத் தேர்ந்தெடுத்தேன். உதடும் கன்னமும் காது மடலும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. நிறச் செறிவைக் குறைத்ததும் பையன் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவன் போல வெளிறிப்போனான்.

மார்ச் 5, புதன்

நிறங்களை ஒரு வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதில் திசை சாயலைச் சொல்லும், மையத்திலிருந்து உள்ள தூரம் செறிவைச் சொல்லும். மனிதத் தோல் கறுப்போ வெளுப்போ, அதன் சாயல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரே கோட்டை ஒட்டியே விழுகிறது. கன்னமும் உதடும் அங்கிருந்து சிவப்புப் பக்கம் சாய்கின்றன. சாயலை மட்டும் நம்பிப் பிரிக்க முடியாது. ஆனால் சட்டை மையத்திலிருந்து வெகுதொலைவில் நிற்கிறது, உதடு அருகிலேயே இருக்கிறது. செறிவின் கீழ் எல்லையை உயர்த்தினேன். உதடும் கன்னமும் விலகின.

காது மடல் விலகவில்லை. ஜன்னல் வெயில் காதை ஊடுருவி வருவதால் உள்ளே ஓடும் இரத்தத்தின் சிவப்பு அப்படியே ஒளிர்கிறது. எவ்வளவு அழகு அது! அதைத் தொடவே கூடாது. தலையைச் சுற்றி ஒரு விண்டோ, அதாவது எல்லை கட்டும் வடிவம், வரைந்து, அசைவைப் பின்தொடர வைத்து, அந்தப் பகுதியைத் தேர்விலிருந்து கழித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

தேர்வைக் கறுப்பு வெள்ளையாக (தேர்ந்தது வெள்ளை, மற்றது கறுப்பு) ஓட்டிப் பார்த்தேன். சட்டையின் ஓரமெங்கும் எறும்பு ஊர்வது போன்ற துடிப்பு. நிறுத்திய சட்டகத்தில் இது தெரியவே இல்லை. தேர்வை ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

காரணம் பதிவிலேயே இருக்கிறது. இது 4:2:0 எனப்படும், நிறத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில் பதிவானது. ஒளிர்வு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே உண்டு. நிறமோ நான்கு பிக்சல்களுக்கு ஒன்றுதான். நிறத்தை வைத்துக் கோடு கிழித்தால் ஓரம் படிக்கட்டாகத்தான் வரும். தேர்வின் ஓரத்தை மங்கலாக்கிப் பார்த்தேன், துடிப்பு அடங்கியது, ஆனால் பின்சுவரில் சாம்பல் விளிம்பு படர்ந்தது. கடைசியில் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கிய ஒரு நோடில் (திருத்தச் சங்கிலியின் ஒரு கண்ணியில்) தேர்வைச் செய்து, அந்தத் தேர்வை மட்டும் நிறம் திருத்தும் நோடுக்கு அனுப்பினேன். படத்தின் நுணுக்கம் அப்படியே இருக்க, ஓரம் அமைதியானது.

மார்ச் 8, சனி

முதல் நோடில் வெண்சமநிலையைச் சற்றே மாற்றினேன். தேர்வு முழுவதும் குலைந்தது. குவாலிஃபயர் தனக்கு வந்து சேரும் படத்தைத்தானே அளக்கும்! இனி தேர்வு மூலப்படத்திலிருந்தே கிளைக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

திருத்தம் என்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. செறிவு 50லிருந்து 36. சிவப்பு அடங்கியதும் துணி இருண்டது போலத் தோன்றியது. அளவுமானியில் ஒளிர்வு குறையவில்லை. செறிந்த நிறம் கண்ணுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தெரிவதன் விளைவு இது. ஒளிர்வைச் சிறிது ஏற்றினேன்.

அப்போதும் ஏதோ உறுத்தியது. இரவு வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது. பழைய சட்டையின் சிவப்பு இன்னும் அவன் மோவாயின் அடியிலும் விரித்த புத்தகத்தின் பக்கத்திலும் எதிரொளிக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் மென்மையான விண்டோ வைத்து, சாயல்வாரியாகச் செறிவைக் குறைக்கும் வளைகோட்டில் சிவப்பை மட்டும் லேசாக இறக்கினேன். காகிதம் வெள்ளையானது. காது மடல் இன்னும் ஒளிர்கிறது.