மொரே பிளேஸ் அட்டை மாதிரி: மேல்தளத் தூண்கள் நின்றுவிட்டன

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் தென்பகுதியில், ஸ்ட்ராத்பங்கோவில் இருக்கும் மொரே பிளேஸ் என்னும் கல் வரிசை வீடுகளை 1:100 அளவில் அட்டையில் செய்துவருகிறேன். தரைத்தளம் முன்பே முடிந்துவிட்டது. மேல்தளத் தூண் வரிசையும் இப்போது இடத்தில் நின்றுவிட்டது. 1859 முதல் 1861 வரை கட்டப்பட்ட இந்தப் பத்து வீடுகளை வடிவமைத்தவர் அலெக்சாண்டர் தாம்சன். 'கிரேக்கத் தாம்சன்' என்றே பெயர் பெற்றிருந்தாலும் கிரேக்க நாட்டுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. இவ்வரிசையின் முதலாம் எண் வீட்டில் தாமே குடியேறி, 1875-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

வரிசை வீடுகளை மாதிரி செய்பவர்கள் பொதுவாக ஒரு வீட்டை முடித்துவிட்டு, அதே அளவில் மற்றவற்றை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். மொரே பிளேஸுக்கு அந்த வழி ஒத்துவராது. இரு முனைகளிலும் உள்ள வீடுகள் மட்டும் சற்று முன்தள்ளி, கிரேக்கக் கோயில் முகப்பைப் போல முக்கோண முடியுடன் நிற்க, அவற்றுக்கு இடையே மேல்தளம் முழுவதும் சதுரத் தூண்கள் ஒரே சீராக ஓடுகின்றன. ஒரு வீடு எங்கே முடிந்து அடுத்த வீடு எங்கே தொடங்குகிறது என்பதை அந்தத் தூண்கள் காட்டிக்கொடுப்பதே இல்லை. ஆகவே நடுப்பகுதியை வீடு வீடாகப் பிரிக்காமல், தரைத்தளத்துக்கு ஒரு நீளப் பட்டை, மேல்தளத்துக்கு ஒரு நீளப் பட்டை என்று வெட்டினேன். வீடுகளைப் பிரிக்கும் பொதுச்சுவர்கள் பின்னால் மறைந்து நின்று பட்டை வளையாமல் தாங்குகின்றன.

அதிக நேரம் பிடித்தது தூண் வரிசைதான். சன்னல் சட்டங்கள் தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பதால், தெருவிலிருந்து பார்க்கும்போது முதலில் கல்லும், பிறகு நிழலும், அதன் பின்னரே கண்ணாடியும் தெரிகின்றன. இந்த ஆழம் வராவிட்டால் மாதிரி வெறும் படமாகிவிடும். அதனால் கரும்சாம்பல் தாள், அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக் தாள், மெல்லிய சட்டங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் தடித்த அட்டைத் தூண்கள் என்று அடுக்கினேன். இடைவெளியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணை உறுத்தும் என்பதால், ஒரே அகலத்தில் வெட்டிய அட்டைத் துண்டை இரண்டு தூண்களுக்கு நடுவே செருகி, பசை காய்ந்த பின் உருவிக்கொண்டேன். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்தபோது நிழல் சரியாக விழுந்தது. வீடுகளுக்கு எதிரே ரயில் பாதை ஓடுவதால் அவற்றைப் பெரும்பாலும் தெருவோடு நடந்தபடி சாய்வாகத்தான் பார்க்கிறோம். அந்தக் கோணத்தில் தூண்கள் நெருங்கிச் சன்னல்களையே மறைத்துவிடுகின்றன. மாதிரியிலும் அப்படியே மறைகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வண்ணத்தில் நிதானம் வேண்டியிருந்தது. தாம்சன் காலத்துக் கிளாஸ்கோ பெரும்பாலும் இளமஞ்சள் மணற்கல்லால் ஆனது. தென் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் பக்கத்துச் செம்மணற்கல் ரயிலில் வந்து குவிந்தது அதற்குப் பிந்திய காலத்தில். வெளிர் மஞ்சளின்மேல் சாம்பல் நிறத்தை நீர்த்துப் பூசி, விளிம்புகளுக்கு அடியில் மட்டும் கரிப்புகை படிந்ததுபோல் சற்று அழுத்தினேன். பல மாதிரிகளில் கல் இணைப்புகளைக் கறுப்புக் கோடாகவே கிழித்துவிடுகிறார்கள். இழைத்த கல் முகப்பில் இணைப்பு மயிரிழை அளவே தெரியும் என்பதால், மழுங்கிய ஊசியால் ஒரு கீறல் போட்டதோடு நிறுத்திக்கொண்டேன், மை தொடவில்லை.

அடுத்த வேலை கூரையும் புகைபோக்கிகளும். கதவுகளை விட்டால், பத்துக் குடும்பங்களின் அடுப்புகள் தனித்தனி என்பதை வெளியே சொல்வது இவை மட்டுமே. தாமரை மொட்டுப் போல் விரியும் குழாய்களுக்கு அட்டை சரிப்படாது. மெல்லிய மரக்குச்சியைத் துளைக்கருவியில் பூட்டிச் சுழலவிட்டு, அரத்தால் கடைந்து பார்க்கப்போகிறேன்.