கூட்டுத் தொழிலா? முதலில் ஒப்பந்தத்தை எழுதுங்கள்

இருவர் சேர்ந்து தொழில் தொடங்கும்போது பெயரும் லோகோவும் சீக்கிரமே முடிவாகிவிடும். ஒப்பந்தம் மட்டும் "நமக்குள்ள எதுக்கு?" என்று தள்ளிப்போகும். தள்ளவே கூடாதது அதுதான்.

எழுத்தில் எதுவும் இல்லையென்றால், பல நாடுகளின் கூட்டாண்மைச் சட்டம் லாப நட்டத்தைச் சமமாகப் பிரித்துவிடும். ஒருவர் 80 சதவீத முதல் போட்டிருந்தாலும் அதே கணக்குதான். சாதாரணக் கூட்டாண்மையில் ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரின் வீடும் நகையும்கூடப் பொறுப்பாகலாம். இதைத் தவிர்க்க, வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனமாக, அதாவது கடனுக்குப் பொதுவாகப் போட்ட முதல் வரை மட்டுமே பொறுப்பாகும் நிறுவனமாக, பதிவு செய்யலாம். ஆனால் வங்கிக்குச் சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்தால், அந்தக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

முதல், லாபப் பங்கு, மாதச் சம்பளம், காசோலையில் யார் கையெழுத்து என்பதையெல்லாம் பெரும்பாலும் எழுதிவிடுகிறார்கள். விடுபடுவது விலகல். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது? கையிருப்புச் சரக்குக்கு வாங்கிய விலையா, விற்கும் விலையா? தொழிலின் பெயர் யாருக்கு? முழுத் தொகையையும் உடனே கொடுக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். அன்றாடம் சரக்கு வாங்க வேண்டிய பணம் வெளியேறி, நன்றாக ஓடும் தொழிலே நின்றுவிடும். 12 முதல் 24 மாதத் தவணை என் பரிந்துரை.

பங்கு 50-50 என்றால் இன்னொரு பிரிவும் அவசியம்: இருவரும் ஒத்துப்போகாதபோது யார் சொல் இறுதி. பொதுவான ஒருவரை நடுவராக இப்போதே பெயரிட்டுவிடுங்கள், சண்டை வந்தபின் அந்தப் பெயரிலும் ஒத்துப்போக மாட்டீர்கள்.