360 சதுர அடிக்குப் பதினோரு நடை

ஏழு மாதமாக என் போனை எடுக்காத ஓவர்சியர், மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் ஒன்பது முறை அவராகவே கூப்பிட்டார். "கதவு மாட்டியாச்சாம்மா? பெயிண்ட் அடிச்சாச்சா? முடிஞ்ச போட்டோ எடுக்க எப்ப வரட்டும்?" 31ஆம் தேதிக்குள் கணக்குக் காட்ட வேண்டுமாம்.

குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டுவதற்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024-25இல் ஒரு லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம், மொத்தம் 3,500 கோடி ரூபாய் என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2030க்குள் எட்டு லட்சம் வீடு என்பது பெரிய இலக்கு. முதல் வருடத்து ஒரு லட்சத்தில் ஒன்று எங்கள் அம்மாவுடையது. அந்த ஒன்றுக்காகத் திருப்பூருக்கும் ஊருக்கும் நான் பதினோரு முறை பஸ் ஏறியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. எங்கெங்கே இடறினேன் என்று எழுதி வைத்தால், அடுத்த பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நாலு நடையாவது மிச்சமாகும்.

எங்கள் ஊர் டெல்டாவில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைத் தூக்கிப் போட்டதிலிருந்து கீற்றுக்கு மேல் தார்ப்பாய்தான். குடிசைக் கணக்கெடுப்பில் அம்மா பெயர் இருந்தது, கிராம சபையிலும் படித்தார்கள். அதுவரை எல்லாம் சுமுகம். வினை, அம்மா தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பட்டாவில் இருந்தது.

"இது தோராயப் பட்டா. தூய பட்டா கொண்டு வாங்க" என்று அந்தக் காகிதத்தை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினார் கிளார்க். எனக்குப் பட்டா தெரியும், சிட்டா தெரியும். பட்டாவில் தோராயம் என்று ஒன்று உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும். நத்தம் நிலத்தை, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தை, அளந்தபோது முதலில் தோராயப் பட்டா கொடுப்பார்களாம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் விசாரித்துவிட்டு அப்புறம் தூய பட்டா. அப்பா முதலாவதை வாங்கிப் பெட்டியில் வைத்ததோடு சரி, இரண்டாவதற்குப் போகவே இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். இத்தனை வருடம் அந்தக் காகிதத்தை யாரும் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் பெட்டியில் இருப்பது எது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மேலேயே எழுதியிருக்கும்.

போதாக்குறைக்குப் பட்டா அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அப்படியென்றால் முதலில் வாரிசு சான்றிதழ், அதற்கு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), அதற்கு மேல் தாசில்தார்.

இரவு பஸ்ஸில் வந்து காலை பத்து மணிக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றேன். பூட்டு. பக்கத்து டீக்கடைக்காரர், "ஐயா ஜமாபந்திக்குப் போயிருக்கார், இந்த வாரம் வரமாட்டார்" என்றார். அன்று மாலையே திரும்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஜமாபந்தி என்றால் வருடத்துக்கு ஒரு முறை தாலுகாவில் கிராம நிலக் கணக்குகளைச் சரிபார்ப்பது. பட்டா சம்பந்தமாக மனு கொடுக்க வருடத்தில் அதைவிடத் தோதான இடம் கிடையாது. எல்லா ரிஜிஸ்டரும், எல்லா அதிகாரியும் ஒரே பந்தலுக்கு அடியில் இருக்கும் நேரம் அது. நானோ வி.ஏ.ஓ. இல்லையே என்று பஸ் ஏறிவிட்டேன். மே, ஜூனில் உங்கள் வட்டத்தில் ஜமாபந்தி என்று காதில் விழுந்தால் மனுவோடு நேரே அங்கே போய்விடுங்கள்.

சரி, ஒருவழியாக வாரிசு சான்றிதழ் வந்தது. வந்ததில் அம்மா பெயரில் சின்ன 'ர' வரவேண்டிய இடத்தில் பெரிய 'ற'. வாய்விட்டுப் படித்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கிளார்க்குக்கு மட்டும் தெரிந்தது. "ஆதார்ல ஒரு பேரு, இதுல ஒரு பேரு. ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி எடுத்துக்கறது?" அம்மா அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். "நான்தான் சார்" என்றார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தார்.

தப்பு இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்த இடத்தில் நடந்தது. அந்தப் பையன் வேகமாக அடித்தான், நான் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த ஒரு எழுத்தைத் திருத்த மறுபடி விண்ணப்பம், மறுபடி அதே வரிசை, ஐந்து வாரம். அதற்கப்புறம் எந்த மையத்துக்குப் போனாலும், "தம்பி, கொஞ்சம் திரையைத் திருப்பு" என்று சொல்லி ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் அனுப்பச் சொல்வேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தூய பட்டாவுக்கு வழி பிறந்தது, அதிகாரிகள் நேரில் வந்து மனு வாங்கிய மக்களுடன் முதல்வர் முகாமில். 2024 ஜூலையில் அதைக் கிராமங்களுக்கும் கொண்டு வந்தார்கள். முகாமில் மனுவைப் பதிவு செய்து எண் கொடுத்துவிட்டார்கள், முப்பது நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று கெடு இருந்தது. தாலுகா ஆபீஸில் நேரில் கொடுத்த மனு இரண்டு மாதம் எந்த மேசையில் தூங்கியது என்று கடைசிவரை தெரியவில்லை. முகாமில் கொடுத்ததற்கு சர்வேயரே போன் செய்தார். சங்கிலியோடு வந்து அளந்தார். சித்தப்பா வேலியில் இரண்டு முழம் பிரச்சினை கிளம்பி, அங்கேயே நின்று பேசி முடித்தோம். இருபத்தாறாம் நாள் பட்டா அம்மா பெயரில், சின்ன 'ர'வோடு. தாலுகா ஆபீஸ் வாசலில் அம்மாவுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

வேலை உத்தரவு வந்தது. அடுத்த கூத்து தம்பியுடையது.

புரட்டாசி பிறந்துவிட்டால் வேலை தொடங்கக்கூடாது என்று அம்மா நச்சரிக்க, ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் தம்பி ஆட்களை வைத்துக் குடிசையைப் பிரித்துவிட்டான். மூன்று நாள் கழித்து ஓவர்சியர் வந்தார், போனில் செயலியைத் திறந்தார், "குடிசை எங்க தம்பி?" என்றார். தம்பி கீற்றுக் குவியலைக் காட்டியிருக்கிறான். பழைய குடிசையின் முன்னால் பயனாளியை நிறுத்தி, அந்த இடத்திலேயே படம் எடுத்து ஏற்றவேண்டும். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அதில் பதிவாகும். குடிசை இருந்ததற்கே அத்தாட்சி இல்லையென்றால் குடிசைக்குப் பதில் வீடு என்று எப்படி எழுதுவது? அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அதை உத்தரவு கொடுத்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்களைக் காப்பாற்றியது ஊராட்சிச் செயலர். கணக்கெடுப்புக்கு வந்தபோது அவர் எடுத்த படம் ஒன்று அவர் பழைய போனில் கிடந்தது. அதில் அம்மாவும் இருந்தார், ஆடும் இருந்தது. அதோடு ஒரு கடிதம் எழுதி, மேலிடத்தில் கையெழுத்து வாங்கி, ஏற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. அதுவரை அம்மா பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்திருந்தார். படம் ஏறாமல் ஒரு கீற்றைக்கூடப் பிடுங்காதீர்கள், நாள் நட்சத்திரம் எதுவானாலும் சரி. உங்கள் போனிலும் நாலு பக்கமும் நின்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முடித்தபோது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. நவம்பர் முழுக்க வேலையில்லை.

பணம் பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டம்), கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் ஏறவேண்டும். அதாவது முதலில் உங்கள் கைக்காசில் கட்டவேண்டும், அப்புறம்தான் பணம். முதல் தவணை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததும் தம்பி சண்டைக்குப் போய்விட்டான். ஒன்றியத்தில் எடுத்த சிமெண்ட், கம்பிக்குப் பிடித்தது போக மீதி என்று கணக்கைக் காட்டினார்கள். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று மூட்டை எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

100 நாள் திட்டக் கூலி வரவேயில்லை என்று ஒரு மாதம் அலைந்தோம். சொந்த வீட்டு வேலைக்கே அதில் 90 நாள் கூலி போட்டார்கள். அப்போது நாளைக்கு 319 ரூபாய். எங்களுக்கு அது சின்னக் காசு இல்லை. ஒன்றியத்தில் "போட்டாச்சு" என்றார்கள், பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால், அம்மா எப்போதோ சுயஉதவிக் குழுவுக்காகத் தொடங்கிய வேறொரு வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது, பணம் அங்கே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும், நீங்கள் கொடுத்த பாஸ்புக் நகலுக்குப் போகாது.

அப்புறம் ஜனவரி. லிண்டல் தவணைக்கான பேப்பரில் ஊராட்சித் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். 6ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டில் நின்றேன். எங்கள் பக்கத்து ஊராட்சிகளுக்கெல்லாம் பதவிக்காலம் 5ஆம் தேதியோடு முடிந்திருந்தது. தலைவர் சிரித்துவிட்டு, "நேத்து வந்திருந்தா போட்டிருப்பேனேம்மா" என்று காபி கொடுத்தார். இனிமேல் தனி அலுவலர்தான் போடவேண்டும். அது யார், எந்த நாளில் இருப்பார் என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒரு நடை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதை யாரும் அலுவலகத்தில் சொல்லமாட்டார்கள். திட்டத்தின் அளவு சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி. கொத்தனார், "ஒரு தடவைதான் கட்டப் போறீங்க, இன்னொரு ரூம் இழுத்துரலாம்" என்பார். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு அப்படி இழுத்து, லிண்டலோடு நிற்கிறது. அடுத்த கட்டம் எட்டாமல் அடுத்த தவணை வராது, தவணை வராமல் அடுத்த கட்டம் எட்டாது. நாங்கள் இழுக்காமலே ஐந்தேமுக்கால் லட்சம் ஆனது. மீதி என் நகையும் தம்பி வாங்கிய கடனும்.

கூரை கான்கிரீட் போட்டது பிப்ரவரியில். அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். நான் கூப்பிட்டபோதெல்லாம் மணி மட்டும் அடித்த அந்த எண் தானாகவே ஒலிக்கத் தொடங்கியது. கூரைத் தவணை எட்டே நாளில் வந்தது. கிளார்க்கே "உட்காருங்கம்மா" என்றார். வருட முடிவில் 'முடிந்தவை' என்ற கட்டத்தில் எண்ணிக்கை ஏறவேண்டுமே. ஜூலையில் ஒரு மாதம் எடுக்கும் வேலை மார்ச்சில் ஒரு நாளில் முடிகிறது. உங்களிடம் ஏதாவது பேப்பர் நிலுவையில் இருந்தால் பிப்ரவரியில் கொண்டுபோய் வையுங்கள். அவர்களுக்கு நாம் தேவைப்படும் மாதம் அது.

கரண்ட் இன்னும் மாறவில்லை. இருந்தது குடிசைக்கான இலவச மின் இணைப்பு, கான்கிரீட் வீட்டுக்கு அது செல்லாது. வீட்டு வரி ரசீது வாங்கி வழக்கமான இணைப்புக்கு மாற்றவேண்டும். அது நடக்கும் முன்பே வீடு கணக்கில் ஏறிவிட்டது.

29ஆம் தேதி, சனிக்கிழமை, ஓவர்சியர் வந்தார். திட்டத்தின் பெயர், வருடம், தொகை, பயனாளி பெயர் எல்லாவற்றையும் முன்சுவரில் எழுதச் சொல்லியிருந்தார்கள். பெயிண்டர் எழுதி முடித்து ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். அம்மா பெயரில் பெரிய 'ற'.

"பரவாயில்லம்மா, போட்டோல தெரியாது" என்றார் ஓவர்சியர், போனை உயர்த்திக்கொண்டே.

"அண்ணே, நீங்க மறுபடி ஏறுங்க" என்றேன் பெயிண்டரிடம். அவர் வெள்ளை அடித்து, அது காய்ந்து, திரும்ப எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ஓவர்சியர் வேப்பமரத்தடியில் அம்மா கொடுத்த மோரைக் குடித்தபடி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.